ஆயிரத்தில் மூன்று முறை

மார்ச் 4, செவ்வாய்

ஆயிரம் முறை மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு முறை எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. மூன்று முறை மட்டும் ஏன் பாதி பழையதும் பாதி புதியதுமாக எழுந்தது? தெரியவில்லை. சோதனை அறிக்கையில் அப்படி எழுத முடியாது, இங்கே எழுதலாம்.

சாதாரணக் கணினிக்கு வேலை பார்க்க ஒரு மேஜை, சேமித்து வைக்க ஒரு பீரோ. மின்சாரம் போனால் மேஜை காலி. எங்கள் புதிய நினைவகத்தில் மேஜையே பீரோ. எழுதியது எழுதியபடி இருக்கும். ஆனால் செயலியின் கையில் எப்போதும் நாலைந்து தாள் இருக்குமே, அவற்றை மின்சாரம் முழுதாக அடங்குவதற்குள் மேஜையில் இறக்கிவிட வேண்டும். இந்த நினைவகத்தைப் பொருத்திய போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் வரும். அது போதும்.

போதும் என்றுதான் நினைத்தோம்.

மார்ச் 5

கணவரிடம் சொன்னேன். "அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாரேன்" என்றார். அதைத்தானே ஆயிரம் தடவை செய்திருக்கிறேன்!

மார்ச் 7, வெள்ளி

ரயில் என் மேஜைக்கு வந்தார். எங்கள் குழுத் தலைவர். எந்த நிலையத்திலும் நிற்காமல் பேசுவதால் அந்தப் பெயர். பதினெட்டாம் தேதி மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். நோயாளியின் படுக்கையருகே நாடித்துடிப்பைக் காட்டும் கருவிக்குள் எங்கள் நினைவகத்தைப் போடலாமா என்று பார்க்க. அவர்கள் வேண்டாமென்றால் நான்கு வருட வேலைக்கு மூடுவிழா. எட்டுப் பேரும் எட்டு மூலைக்கு. சோதனைப் பொறுப்பு என்னுடையது, நான் கையெழுத்துப் போடாமல் போர்டு வெளியே போகாது.

"மேடம், ஆயிரத்துல மூணு! என் கல்யாணத்துலயே இதைவிட அதிகமா தப்பு நடந்துச்சு. போட்டுடுங்க."

"அந்த மூணும் யாரோட படுக்கைன்னு சொல்லுங்க, போடறேன்."

ரயில் நின்றது. நான்கு வருடத்தில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த பிறகு யோசனை. நான் பிடிவாதம்தான் பிடிக்கிறேனோ? எட்டுப் பேர் பிழைப்பு. எனக்கு என்ன, இன்னும் பத்து வருடத்தில் ஓய்வு. சரி, காரணமாவது தெரிந்து தொலையட்டும்.

மார்ச் 10, திங்கள்

மூன்று தவறுகளும் வெவ்வேறு நாளில் நடந்தவை. நேரம்: 1.12. 1.40. 1.26.

மூன்றும், சோதனையைத் தானாக ஓடவிட்டு நான் சாப்பிடப் போயிருந்தபோது. கேன்டீன் அடுப்பால் மின்னழுத்தம் ஆடுகிறதா என்று பார்த்தேன், ஆடவில்லை. நான் இல்லாதபோது மட்டும் குறும்பு செய்கிற இயந்திரமா? அதையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலைச் சாப்பாட்டுக்குக் கணவர் ஸ்வெட்டரோடு வந்தார். வீட்டு ஏசி நான் வைத்த குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக எனக்கு உடம்பு திடீர் திடீரென்று அடுப்பாகிவிடுகிறது, வயதின் வேலை.

"இவ்வளவு குளிருதுன்னா சொல்லலாமே" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? நீ தூங்கினதும் நான் ஏசியை அணைச்சுடறேன். நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி போட்டுடறேன்."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா."

கரண்டியைக் கீழே வைத்தேன். ஆய்வகத்து ஏசியும் என் ஆட்சியில்தான்: பதினெட்டு. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆய்வகம் போனவுடன் போர்வையைக் கூப்பிட்டேன். எங்கள் நிரல் எழுதுபவள். தோளில் எப்போதும் கனத்த சால்வை, பெயரும் அதனால்தான். சால்வை அலங்காரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நான் சாப்பிடப் போனதும் இந்த ரூம்ல என்ன நடக்குது?"

அவள் ரிமோட்டைப் பார்த்தாள். "திட்டமாட்டீங்களே மேடம்?"

"மாட்டேன்."

"ஏசியை அணைச்சுடுவோம். ஒரு மணி நேரந்தான். உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் போட்டுடுவோம்."

"எல்லாருமா?"

"ரயில் சார்தான் மேடம் காவல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பயந்து போனாள். நான் சிரித்து அவள் பார்த்ததில்லையாம்.

ஏசியை அணைத்தோம். அறை சூடாக, போர்டின் மேலிருக்கும் குட்டி ஃபேன் முழு வேகத்தில் சுழல ஆரம்பித்தது. எண்பது முறை மின்சாரத்தை நிறுத்தினோம். ஆறு முறை தவறு. மின்சாரம் போன பிறகும் அந்த ஃபேன் சுழன்றுகொண்டே, மிச்சமிருந்த மின்சாரத்தைக் குடித்துவிடுகிறது. தாள்களை இறக்கி வைக்க நேரம் பற்றவில்லை.

என் பதினெட்டு டிகிரி இந்தக் கோளாறை மூடி வைத்திருக்கிறது. இவர்கள் எனக்குத் தெரியாமல் அணைக்காமல் இருந்திருந்தால் ஆயிரத்துக்கு ஆயிரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பேன். ஆஸ்பத்திரி வார்டில் யார் பதினெட்டு வைக்கிறார்கள்?

மார்ச் 12

மின்சாரம் போனதும் முதலில் ஃபேனை நிறுத்து, பிறகு தாளை இறக்கு. போர்வை இரண்டு வரி எழுதினாள். ரயில் தலையில் கை வைத்துக்கொண்டார்: "நாலு வருஷம் மேடம்! கடைசியில ஒரு ஃபேன்!"

ரிமோட்டைப் போர்வையிடம் ஒப்படைத்தேன்.

மார்ச் 14

ஏசி இல்லாமல் ஆயிரம் முறை. தவறு பூஜ்யம். என் புடவை மட்டும் நனைந்து தோல்வி.

மார்ச் 17, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். ரயில் நாற்பது பக்க விளக்கம் தயாரித்திருக்கிறார். "வருங்காலக் கணினி" பதினோரு இடத்தில். எட்டை அடித்தேன். இருபதாம் பக்கத்தில் அவர் சுவிட்சை நிறுத்துவார், கருவி மீண்டு எழும், எல்லோரும் கைதட்டுவார்கள் என்று திட்டம். எந்தத் திட்டமாவது திட்டப்படி நடந்து நான் பார்த்ததில்லை. காட்டுவதற்கு நாடி வேண்டுமே. என் விரலைக் கேட்டார்கள். "மேடத்துக்குத்தான் பதற்றமே வராது" என்றார் ரயில்.

மார்ச் 18, செவ்வாய்

கம்பெனிக்காரர்கள் இருவரோடு ஒரு வார்டு நர்ஸ் வந்திருந்தார். என் வயது இருக்கும். ரயிலின் விளக்கத்தில் நான்காம் பக்கத்திலேயே எழுந்துவிட்டார்.

"சார், கொஞ்சம் இருங்க. இதைத் தள்ளிப் பாக்கலாமா? எங்க வார்டுல வண்டியைத் தள்ளிக்கிட்டேதான் இருப்போம்."

பதிலுக்குக் காத்திராமல் கருவி வைத்திருந்த வண்டியைத் தள்ளினார். விரலில் மாட்டிய ஒயரோடு நானும் பின்னால் போனேன். பிளக் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. திரை இருண்டது. ரயில் இரண்டாவது முறையாக நின்றார்.

நர்ஸ் நிதானமாக வேறொரு இடத்தில் பிளக்கைச் செருகினார். திரை எழுந்தது. விட்ட இடத்தில் அதே கோடு, பதினோரு விநாடி இடைவெளி, மறுபடி கோடு. ஓர் எண்கூடக் குறையவில்லை. என் நாடித்துடிப்பு 118 என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை.

"ஆமா, இப்படித்தானே இருக்கணும்?" என்றார் நர்ஸ். "இதுல என்ன அதிசயம்?"

கம்பெனிக்காரர்களில் பெரியவர் சிரித்தார். வார்டில் வைத்துப் பார்க்க இருபது போர்டு கேட்டிருக்கிறார். மீதி முப்பத்தாறு பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

நர்ஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னங்க இவ்வளவு புழுக்கம்? ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்களேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர்வை ரிமோட்டை நீட்டினாள்.

இருபத்திரண்டு வைத்தேன்.