மூஸுக்கு இடம் கிடைத்தது

அடி வெர்னா,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள், உனக்குத்தான் சிரிக்க வருமே.

நம் இல்லத்தில் அடிபட்டு வரும் பெண்களுக்கு இடமுண்டு, நாய்க்குக் கிடையாது. அதனால்தானே திரும்பிப் போனாய்? "புருஷனையே விட்டுட்டு வந்தவ, ஒரு நாயை விட முடியலையாடி?" என்று கேட்டேன். "அவன் என்னைக்காவது என்னைப் பார்த்து வாலாட்டினானா அக்கா?" என்றாய். சமையலறையே குலுங்கியது. "நான் இல்லைன்னா மூஸை உதைச்சே கொன்னுடுவான்" என்றும் சொன்னாய். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நேற்று போலீஸ்காரி மூஸைக் கூட்டிவந்தாள். அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "அவனைக் கொலைக் கேஸுல பிடிச்சுட்டோம். அந்த வீட்டுல இனி இதைப் பார்த்துக்க ஆளில்லை" என்றாள். மேலாளரம்மா சட்டம் பேசவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பன்றி இறைச்சி வறுத்து வைத்தேன். தொடவில்லை, உன் பிடிவாதம். வாசலைப் பார்த்தே படுத்திருக்கிறது. வெளியே பனியில் யார் நடந்தாலும் எழுந்து வாலாட்டுகிறது. கதவு திறந்ததும் மறுபடி படுத்துக்கொள்கிறது.

இன்று ராத்திரி நானும் அதன் பக்கத்திலேயே போர்வையை விரித்துப் படுக்கப் போகிறேனடி.

உன் சமையற்கட்டு அக்கா