இரண்டு தட்டு

சனிக்கிழமை, மெரிலேண்ட்ஸ்.

வென்றுவிட்டோம்! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் புதிய குவாட்டர்பேக் ஜெரோம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துவது அவன்தான். வீரர்களைக் கவனித்து எழுதிக் கொடுப்பது என் வேலை; அவனைப் பற்றிய அறிக்கையைப் போன கிழமை கோச்சிடம் கொடுத்தேன். பலம்: எத்தனை பேர் நெருக்கினாலும் பதறமாட்டான். பலவீனம்: இடப்பக்கம் எறியுமுன் பந்தை இரண்டு தரம் தட்டுவான். எதிரணி வீடியோ பார்த்தால் கண்டுபிடித்துவிடும்.

அறிக்கையை வீரர்களுக்குக் காட்டக்கூடாது என்பது கோச்சின் சட்டம். புதியவர்கள் மனமுடைந்து போவார்களாம். வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஜெரோமைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.

"ஐயோ அங்கிள், நான் இப்பிடியா செய்யிறனான்?" என்று முழித்தான். "இனிச் செய்யமாட்டன்."

இன்று கடைசி நிமிடத்தில் நாலு புள்ளி பின்னால் நின்றோம். பந்து கைக்கு வந்ததும் இரண்டு தரம் தட்டினான். பாவி, மறந்துவிட்டானே என்று தலையில் கைவைத்தேன். எதிரணி முழுக்க இடப்பக்கம் பாய்ந்தது. அவன் வலப்பக்கம் எறிந்தான். அங்கே எங்கள் ஆள் தனியே நின்றான். பிடித்துக்கொண்டு ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தான்; ஆறு புள்ளி.

கோச் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அந்தத் தட்டைப் பற்றி ஜெரோமுக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். ஜெரோம் குறுக்கே வந்து, ஒருவரும் சொல்லவில்லை, தானே வீடியோவில் பார்த்ததாகச் சொன்னான்.

அறிக்கையில் ஒரு பலம் விடுபட்டுவிட்டது. முகம் மாறாமல் பொய் சொல்லுவான். அதை எப்படி எழுதிக் கொடுப்பது?