ஒட்சிசனிலிருந்து கீறிய அம்பு

டீச்சர்,

காலையில் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்துருண்டை வாசத்தோடு நம்முடைய பழைய குறிப்புக் கொப்பி அகப்பட்டது. யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். நான் நீல மையால் கீறிய அம்புக்குறிக்குப் பக்கத்தில் நிறமில்லாத ஒரு பள்ளம் தெரிந்தது. நீங்கள் பென்சிலால் கீறி, நான் அழித்த அம்பு.

ஒரே பாடசாலையில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டே இருவரும் மேற்படிப்புப் பரீட்சைக்கு ஆயத்தமான காலம். நம்மிடம் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமைகளில் கிண்ணியாவிலிருந்து படகேறி, காற்றில் கலைந்த முக்காட்டைச் சரிசெய்தபடி ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு வருவீர்கள். குசினி மேசையில் தேத்தண்ணியோடு படிப்புத் தொடங்கும். பிள்ளைகளின் கொப்பிகளை நான் சிவப்பு மையால் திருத்துவேன், நீங்கள் பென்சிலால். "பிழையை அவையளே அழிச்சுப்போட்டு எழுதட்டுமே" என்பீர்கள்.

அன்று எடுத்தது திரைஎதைல் பொசுபைற்றும் மீதைல் அயடைட்டும். ஒரு பொசுபரசு, அதைச் சுற்றி மூன்று ஒட்சிசன், ஒவ்வொன்றிலும் ஓர் எதைல். தன் இலத்திரன் சோடியைக் கொடுத்து மீதைலின் காபனைத் தாக்கும் கருநாடி எது, பொசுபரசா ஒட்சிசனா? கொடுக்கப்படும் இலத்திரன் சோடியில்தான் அம்பு தொடங்க வேண்டும். ஒட்சிசன்களிடம் ஆறு தனிச்சோடிகள், பொசுபரசிடம் ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்த்து, ஒட்சிசனிலிருந்து மையால் கீறிவிட்டேன். நீங்கள் கொப்பியை இழுத்து, பொசுபரசிலிருந்து பென்சிலை அழுத்தி ஓர் அம்பு கீறினீர்கள்.

"ஒட்சிசன் கைப்பையைக் கக்கத்துக்குள்ள இறுக்கிக்கொண்டு படகில நிக்கிற ஆள், டீச்சர். எத்தினை பை இருந்தென்ன, தராது. பொசுபரசிட்ட ஒண்டுதான், ஆனா மடியில தளர வச்சிருக்கு. கேட்டாக் குடுக்கும்."

படகுக் கதையால் இரசாயனம் படிக்க ஏலாது என்றேன். உங்களைவிட இரண்டு வருடம் கூடப் படிப்பித்தவள் என்ற எண்ணம். அழிறப்பரை எடுத்து உங்கள் முன்னாலேயே அழித்தேன். நீங்கள் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். "ஓம், ஆறுதலாப் பாருங்கோ" என்று புத்தகத்தை என்னிடமே விட்டுப் போனீர்கள்.

மறுநாளே பார்த்தேன். பொசுபரசு தன் சோடியைக் கொடுத்து மீதைலைப் பிடிக்கிறது. விலகிய அயடைட்டு திரும்பி வந்து ஓர் எதைலைக் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த எதைலை இழந்த ஒட்சிசன் பொசுபரசோடு இன்னும் இறுகிவிடுகிறது. தொடக்கம் நீங்கள் சொன்ன இடம்தான்.

அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. பிறகு உங்களுக்குக் கிண்ணியாவுக்கே மாற்றம் கிடைத்தது. படகை நம்பி எப்படி வருவது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தபின் அந்தச் சாட்டும் இல்லை. ஆனாலும் உங்கள் கைப்பைக் கதையை ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். நீரைவிட அமோனியா ஏன் நல்ல கருநாடி என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்கு அகப்படவில்லை. யாருடைய கதை என்று மட்டும் சொல்லவில்லை.

போன வருடம் தொலைபேசியில், இருமலுக்கு நடுவே கேட்டீர்கள்.

"என்ன டீச்சர், அந்த அம்பு இன்னும் ஒட்சிசனிலதான் நிக்குதோ?"

நான் சிரித்தேன். மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கதையை மாற்றினேன். அந்தக் கிழமை முடியுமுன் உங்கள் மகள் அழைத்துச் செய்தி சொன்னாள்.

இன்று சனிக்கிழமை. சனி என்றால் இப்போதும் கேத்தலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைக்கத்தான் கை போகிறது.

என் மை அம்பை அழிக்க முடியாது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, உங்கள் பள்ளத்தில் பென்சிலை வைத்தேன். நீங்கள் அழுத்திய தடம் ஆழமாக இருந்தது. பொசுபரசில் தொடங்கிக் காபன்வரை, பென்சில் விலகாமல் போய்ச் சேர்ந்தது.