நல்ல நீலம்

மே 5, 1986

சோளகக் காற்று. குசினிப் பானைக்குள்ளும் புழுதி.

நீரிழிவுக்கு டாக்டர் சொன்னவை: சோறு பாதி. குரக்கன் பிட்டு. சீனி கூடாது. தினம் இரண்டு மைல் நடை.

செய்தவை: குரக்கன் பிட்டு. அதுவும் இரண்டு நாள்.

சீனியை விட்டது பொய்யில்லை. பிளேன்டீக்குப் பனங்கட்டிதான் கடிக்கிறேன். எங்கள் பனையில் வந்தது எப்படிச் சீனியாகும்?

மாத்தறைக் கடைக் கதிரையில் இருபது வருடம் இருந்து வளர்த்த வயிறு. 83 கலவரத்தில் கடை எரிந்தது. வயிறு மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. நடக்கப் போனால் சந்தியில் கேட்கிறார்கள், "சைக்கிளை வித்துப்போட்டியளோ அண்ணை?" சைக்கிளில் போய்விட்டு நடந்தேன் என்று வீட்டில் சொல்கிறேன்.

மே 7

நாளை கிளினிக். போத்தலில் சிறுநீர் கொண்டுபோக வேண்டும். மருந்து விட்டுக் காய்ச்சுவார்கள். நீலமாக நின்றால் நல்லது. செங்கல் நிறம் வந்தால் இனி ஊசிதான் என்று போனமுறையே சொல்லிவிட்டார். ஊசி என்றால் எனக்கு உயிர் போகும்.

மனைவியிடம் இப்படி ஒன்றைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இஞ்சேரும், உம்மடையதைத் தாரும். ஒருக்காத்தான்."

"சீ, வெக்கங்கெட்ட மனுசன்!" பரமேஸ் சிரித்தாள். பிறகு, "ஓம், தாறன்."

காலில் முள்ளுக் குத்திய புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று கிழமையாக ஆறவில்லை.

மே 8

செங்கல் நிறம்.

டாக்டர் கிழி கிழியென்று கிழித்தார். அடுத்த வியாழன் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஊசியாம். ஒன்றும் காதில் ஏறவில்லை. அது அவளுடையது.

வாசல் படலையில் நின்றாள். "நீலமோ?"

"ஓம். நல்ல நீலம்."

"பாத்தியளே என்ரை உடம்பை!" பெருமை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மே 11

அவளையே பார்க்கிறேன். இவ்வளவு நாளும் பார்க்காததையெல்லாம். செம்புத் தண்ணீர் ஒரே மூச்சில். மத்தியானத்துக்குள் குடம் வெறுமை. நான் மிச்சம் வைத்த சோற்றை வீசக்கூடாதென்று அவள்தான் தின்கிறாள். தேத்தண்ணிக்குச் சீனி மூன்று கரண்டி, "உங்கடை பங்கும் எனக்குத்தான்."

புண் கறுக்கிறது.

டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பின்னேரத்துக்குள் புளியங்கூடல் ஊர் முழுக்கச் சிரிக்கும். என் மானமா அவள் காலா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுதவே கை கூசுகிறது.

மே 15

புண்ணைக் காட்டுவோம் என்று சைக்கிள் கரியரில் ஏற்றினேன். போத்தலும் அவளுடையதுதான், எனக்குத்தானென்று நினைத்துக் கேட்டதும் தந்தாள். எதிர்க்காற்று, மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். டாக்டர் சொன்ன இரண்டு மைலும் இன்றுதான் நடந்தேன்.

கிளினிக் வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருந்த சனம். காய்ச்சினார்கள். திரும்பவும் செங்கல்.

"டாக்குத்தர், இது இவவின்ரை."

"அப்ப போன கிழமை தந்தது?"

"அதுவும் இவவின்ரைதான்."

வாங்கில் யாரோ சிரித்தார்கள். பரமேஸ் சிரிக்கவில்லை.

"நீலமெண்டெல்லே சொன்னனீங்கள்."