வியட்நாம் மணிக்கு உள்ளூர்த் திதி

என் அருமை மாப்ளே,

ஊர் உனக்கு எவ்வளவு மரியாதை வேண்டுமானாலும் போடட்டும். எனக்கு நீ ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன், பிறகு என் தங்கை சரசுவைக் கட்டிக்கொண்டவன். அதனால் நீ, வா, போதான்.

பொங்கலூரில் எல்லோரும் சுகம். செத்தவனிடம் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. நான் திருப்பூர் காதர்பேட்டையில் இன்னும் செகண்ட்ஸ் பனியன்தான் விற்கிறேன். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்ததை, "ஃபேஷனுங்க" என்று தள்ளிவிடுகிற அதே வாய்தான்.

நீ தையல் கம்பெனி வேலைக்குப் போன வியட்நாம் ஊரின் கதையைச் சொல்ல இப்போது ஆளில்லை. நம்மைவிட அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்றாய். "மத்தியானம் சாப்புட்டதும் லைட்ட நிறுத்திப்போட்டு, அட்டைய விரிச்சு மிஷினுக்கடியிலயே அத்தன பேரும் தூங்கறாங்க மச்சான்" என்றாய். நம்மூரில் மிஷினுக்கடியில் ஒருத்தர் படுத்தால் ஆம்புலன்சைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே சாயங்காலமானால் ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து நத்தை உறிஞ்சுகிறார்களாம். இங்கே சாயங்காலம் வீடு திரும்பினால், "ஏன், ஒன்றரை ஷிப்டு பாக்கலியா?" என்று தெருவே கேட்கும். சாயக்கழிவு ஓடுகிற நம் நொய்யல் கரையில் உட்கார்ந்தால் மூக்கைப் பிடிக்கவே கை போதாது.

அந்த மத்தியானத் தூக்கத்தில்தானே நீ போனாய்? லைட் போட்டார்கள், எல்லோரும் எழுந்தார்கள், நீ மட்டும் எழவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு உயிர் போனது என்று கம்பெனியிலிருந்து உன் அண்ணனுக்குச் சொன்னார்கள். அங்கே பன்னிரண்டு. இங்கே பத்தரை.

உன் அண்ணன் அந்தப் பன்னிரண்டை அப்படியே ஐயரிடம் சொல்லிவிட்டார். நம் காலண்டரில் அன்றைக்குப் பதினொரு மணிக்குச் சதுர்த்தி முடிந்து பஞ்சமி பிறந்தது. சதுர்த்தியில் செத்த உனக்குப் பஞ்சமியில் திதி என்று முடிவாயிற்று. கணக்குப் பாடத்தில் உன்னைப் பார்த்து எழுதியே பாஸானவன் நான். எனக்கே இது பிடிபட்டதென்றால் எவ்வளவு லேசான கணக்கு என்று பார்த்துக்கொள்.

இப்போது வருஷத் திதி வருகிறது. சரசுவைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணனின் பனியன் கம்பெனிக்குப் போனேன். ஆபீஸ் சுவரில் மூன்று கடிகாரங்கள்: அமெரிக்கா, ஜெர்மனி, திருப்பூர். சரக்கு வாங்குகிற எந்த பையர் எப்போது எழுவான், எப்போது பல் விளக்குவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தம்பி செத்த ஊருக்கு மட்டும் கடிகாரம் இல்லை.

"ஏனுங் மச்சான், ஒன்றரை மணி நேரத்துல என்னங்க வந்துரப்போகுது?" என்றார்.

"கண்டெய்னர் அரை மணி நேரம் லேட்டானா குதிக்கறீங்கல்லங்க?"

"அது யாவாரமுங்க. சதுர்த்தியன்னைக்கு பையர் வர்றாங்க. பஞ்சமின்னா நான் ஃப்ரீ. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சுங்க."

சரசு குறுக்கே புகுந்தாள். "மாமா, அவரு தெனமும் மத்தியானம் தூங்கப் போறதுக்கு முந்தி எனக்குப் போன் பண்ணுவாருங்க. அன்னைக்கும் அடுப்ப அணைச்சுப்போட்டு, போனையே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க. மணி பத்தரை ஆச்சு, வரலீங்க. அவரு போன நேரம் எனக்கு அதுதானுங்க. பன்னண்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

உன் அண்ணன் தலையைச் சொறிந்தார். அதற்குள் போன் அடித்தது. எடுத்து, முகமெல்லாம் பல்லாக, "குட் மார்னிங்" என்றார். திருப்பூரில் அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் சரசு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணா, நீங்க எள்ளுந்தண்ணி விடக்கூடாதுங்ளா?"

பவானி கூடுதுறை ஐயரிடம் விசாரித்துவிட்டேன். மச்சான் விடலாமாம். எனக்கு மந்திரம் சரியாக வராது. எள் பாதி வேட்டியிலேயே கொட்டும். பரவாயில்லை, நீ பார்க்காத கோமாளித்தனமா? சதுர்த்தியன்று முதல் பஸ்ஸுக்கு நானும் சரசுவும் பவானி கூடுதுறைக்கு வந்துவிடுகிறோம். இது சத்தியம். நான் இருக்கும்வரை வருஷா வருஷம் வருவோம்.

மறுநாள் உன் அண்ணன் காரில் வருவார். ஊரைக் கூட்டி வடை பாயசத்தோடு பந்தி போடுவார். வாசனை பிடித்து அங்கே போய் நிற்காதே மாப்ளே. அந்த இலை உனக்குப் போட்டதல்ல.

இப்படிக்கு,
சரசுவின் அண்ணன்,
உன் மச்சான்