பேர் மட்டும் சைலன்சர்

மார்ச் 3
பைக்குக்குப் புது சைலன்சர் மாட்டியாயிற்று. இரட்டைக் குழாய், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. நானே ஸ்பானர் பிடித்து மாட்டினேன். பழையதை இரும்புக் கடையில் போட்டேன். "வண்டிக்கு நகை போட்டாச்சா? சந்தோஷமா?" என்றாள் மனைவி. சந்தோஷம்தான்.

மார்ச் 4
வாசலில் ஆக்ஸிலேட்டரை விட்டேன் — படார்! என் வண்டிச் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்து ஓடி வருவாள் குட்டி, என் மகள். இன்று ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். வெடித்தபோது குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றாள். அழக்கூட இல்லை. உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

மார்ச் 6
தெருமுனையில் ஒரு படார், வாசலில் ஒரு படார். எதிர்வீட்டுத் தையல்காரர், "தம்பி வந்தாச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். சிரிக்க முடியவில்லை. குட்டி மறுபடியும் கட்டிலுக்கு அடியில்.

மார்ச் 9
மெக்கானிக் பார்த்தார். "புதுக் குழாய்ல புகை தாராளமா போகுது சார். அதுக்கேத்த பெட்ரோல் வரல. பெட்ரோல் விடுற ஜெட்டை மாத்திடலாம்." மாற்றினார். வழியெல்லாம் சத்தமே இல்லை. பாட்டே வந்துவிட்டது எனக்கு. வாசலில் ஆக்ஸிலேட்டரை விட்டேன். படார்.

மார்ச் 10
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 12
கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, "அப்பா வந்திருக்கேன்டா குட்டி" என்றேன். "போ" என்றாள். என் பெண் என்னைப் போகச் சொல்லிவிட்டாள்!
பேர் மட்டும் சைலன்சர். இதுக்குப் போய் ஆசைப்பட்டேனே, எனக்குப் புத்தி எங்க போச்சு? வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன், வண்டியைத் தூக்கிப் போடவும் முடியாது. பழையதைக் கேட்டு இரும்புக் கடைக்கு ஓடினேன். "அது அன்னைக்கே நசுங்கிடுச்சுங்க."

மார்ச் 15
மறுபடி கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் சேரும் இடத்தில் ஒரு வளையம். என்ஜினோடு பிறந்தது என்றுதான் அன்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கையோடு வருகிறது! காற்றுக் கசியாமல் அடைக்கும் பழைய பேக்கிங். அதன் தலைமேலேயே புதுசையும் வைத்து முறுக்கியிருக்கிறேன். சந்து விட்டுப்போய், அது வழியே காற்றுப் புகுந்து வெடித்திருக்கிறது. மெக்கானிக், "நீங்க சரியா மாட்டியிருப்பீங்கன்னு நம்பிட்டேனே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.
மாலை வீடு வரை ஒரு வெடி இல்லை.
கேட் திறக்கவில்லை.

மார்ச் 17
வெடி நின்னுடுச்சு. இன்னும் ஏன் ஒளியிறா? நான் வேற என்னதான் செய்யணும்? பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 19
மனைவி சொன்னாள்: நான் வரும் நேரத்துக்குக் குட்டி ஜன்னலில் நிற்கிறாளாம். வண்டி முனை திரும்பும் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் ஓட்டம். ஏன்டி என்றதற்கு, "இது யாரோ. டுபுடுபு வந்தாதான் அப்பா."
டுபுடுபு — என் வண்டிக்கு அவள் வைத்த பேர். வண்டி அதேதான். குரலை நான் மாற்றிவிட்டேன்.

மார்ச் 20
முனையிலேயே என்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாயால் "டுபுடுபுடுபு". தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும். மானமாவது மண்ணாங்கட்டியாவது. வாசல் வந்துவிட்டது, கேட் அசையவில்லை. மூச்சு வாங்கியது, குரல் உடைந்தது. திரும்ப ஆரம்பித்தேன்.
தாழ்ப்பாள் தூக்கும் சத்தம். கேட் இடுக்கில் ஒரு கண்.
"அப்படி இல்லப்பா" என்றாள். "டுப்... டுப்... டுபுடுபு."

மார்ச் 27
இப்போதெல்லாம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு முனைக்கே வந்துவிடுகிறாள். சீட்டில் ஏறிச் சத்தம் கொடுப்பது அவள், தள்ளுவது நான். இன்று பாதித் தெருவில் நிறுத்தச் சொன்னாள்.
"நிஜமா ஸ்டார்ட் பண்ணுப்பா."
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சொன்னாள்.