வேணி எழுத வேண்டிய இரண்டு பரீட்சைகள்

திண்டிவனம்,
7.9.2011

அன்பு மருமகள் வேணிக்கு, அத்தை லூர்துமேரி மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. மல்லாட்டை வறுத்து அனுப்பியிருக்கிறேன்.

என் பிள்ளை அறிவு ரோட்டில் அடிபட்டுச் செத்ததற்காக அவன் ஆபீசில் உனக்குத் தருகிற கிளார்க் வேலைக்கு இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அதில் சேரட்டுமா, நிதி ஆலோசகர் படிப்பில் பாக்கியிருக்கும் இரண்டு பரீட்சையை எழுதட்டுமா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் அத்தை என்று எழுதியிருந்தாய். நல்ல ஆளாய்ப் பார்த்துக் கேட்டாய் போ! எட்டாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும்?

மாமாவுக்கு நீ வந்துவிட வேண்டும். அறிவு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது டியூப்லைட் போட்டு வைத்திருக்கிறார். “அது இங்கியே இருந்துக்கினு வேலைக்குப் போவட்டும். புள்ள இருக்கிற மாதிரி இருக்கும்” என்கிறார். முகையூரில் உன் அம்மாவும் கவர்மெண்ட் வேலையை விடாதே என்கிறார்களாம். உன் அண்ணனோ, படிப்பதானால் சி.ஏ. படி, எம்.பி.ஏ. படி, பேருக்குப் பின்னால் போட்டால் மதிப்பு என்கிறானாம். மதிப்பை வைத்து நாக்கு வழிக்கவா?

நீ கல்யாணமாகி வந்த புதிதில், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவிடம், “உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அத்தைக்கு என்ன வழி வச்சிருக்கீங்க மாமா?” என்று கேட்டாய். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று நானும் ஏசினேன். வீடு வீடாய்ப் போய் இதைக் கேட்டு வழி சொல்வதுதான் நான் படிக்கிற வேலை என்று நீ அழுதாய். அறிவு மட்டும் சிரித்தான். கிழவருக்குத்தானே கேட்டாய், வேணி. பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த முப்பது வயசுக்காரனுக்குக் கேட்க யாருக்குமே தோன்றவில்லையே!

அதனால் சொல்கிறேன். தட்டைத் தள்ளுகிறவன் எதிரில் உட்கார்ந்து இதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். சி.ஏ. படித்தவர்கள் கம்பெனிக் கணக்கைப் பார்க்கட்டும். நீ தொடங்கினதை முடி.

அந்தக் கிளார்க் வேலையில் வந்து உட்கார்ந்தால் ரிட்டயர் ஆகும்வரை நீ செத்துப்போன அறிவுச்செல்வன் பெண்டாட்டிதான். உனக்கு இருபத்தாறு வயசு. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் சாப்பிட வருவார்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். நல்ல இடம் அமைந்தால் மறுக்காதே, எங்களை நினைத்துத் தயங்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன் கண்ணு, பரீட்சை முடிகிற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால், எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடும்மா என்று சொல்லிவிடுவேன்.

உன் அத்தை,
லூர்துமேரி